தெருவுக்குக் கூரை இல்லை

சிவகிரியில் பங்குனி உத்திரத்துக்கு மேளம் தெருவில் இறங்கினால், திண்ணையில் இருப்பவரிடம் முதலில் வந்து சேர்வது தவிலின் தொப்பிப் பக்கம். குச்சி விழும் அந்தக் கனத்த ஓசை மூலைவீடுகளைச் சுற்றிக்கொண்டு முடுக்குகளுக்குள் நுழைந்து வரும். மேளம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. மூலை திரும்பி நம் தெருவுக்குள் வந்த பிறகுதான் நாதஸ்வரச் சீவாளியின் கூர்மையும், வலந்தலையில் கூடு போட்ட விரல்களின் சடசடப்பும் சட்டென்று திறந்துகொள்ளும். தாழ்ந்த அதிர்வெண்கள் தடைகளைச் சுற்றி வளைந்துவிடும், உயர்ந்தவை பெரும்பாலும் நேர்கோட்டில்தான் வரும் என்கிற இயற்பியலை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு முன்பே காதால் படித்திருக்கிறார்கள். மேளம் இடது பக்கத்திலிருந்து வந்து, எதிரே சற்று நின்று வாசித்து, வலது பக்கமாகக் கடந்து போகும். அது போன பிறகும் தெருவின் இரண்டு சுவர்களுக்கு நடுவே தாளத்தின் உலோகச் சத்தம் கொஞ்ச நேரம் மிச்சமிருக்கும்.

இந்தக் கேட்பு முழுவதையும் பதிவில் கொண்டுவரும் கருவிகள் இன்று ஒரு மடிக்கணினிக்குள் வந்துவிட்டன. இடம்சார் ஒலி, இம்மர்சிவ் ஆடியோ, டால்பி அட்மாஸ் என்று பல பெயர்களில் அது புழங்குகிறது. சங்கரன்கோவில், ராஜபாளையம், தென்காசிப் பக்கங்களில் வீட்டு அறையில் ஹெட்ஃபோனும் கணினியும் வைத்துக்கொண்டு ஒலிக்கலவை செய்யும் இளைஞர்கள் இப்போது இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வி: எந்த ப்ளகின் வாங்கலாம்? நியாயமான கேள்வி. விலை அதிகம், தேர்வுகள் ஏராளம், விளம்பரங்கள் எல்லாமே ஒரே மாதிரி பேசுகின்றன. ஆனால் அதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது. கேட்பவரை எங்கே உட்கார வைக்கப் போகிறோம்? அது முடிவானால், எந்தக் கருவி தேவை என்பது பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். என் நம்பிக்கை இதுதான், இந்தக் கட்டுரை முழுக்க அதைத்தான் சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டுக்கு இந்த ஒலி திரையரங்கு வழியாக வந்தது. 1995இல் குருதிப்புனல் டால்பி ஒலியோடு வந்தது. 1996இல் கறுப்பு ரோஜா டிடிஎஸ் ஒலியோடு வந்தது. மகாநதிக்கும் பிறகு லகானுக்கும் தேசிய விருது பெற்ற ஒலிப்பொறியாளர் எச். ஸ்ரீதர், 2008இல் மறையும்வரை, தமிழ்ப் படங்களின் செவித்தரத்தை ஒரு தலைமுறைக்கு உயர்த்திப் பிடித்தவர். டால்பி அட்மாஸ் 2012இன் நடுவில் உலகத் திரைக்கு அறிமுகமானது. அதே ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி வெளிவந்த சிவாஜி 3டி, அட்மாஸில் வெளியான முதல் இந்தியப் படம். சென்னையின் கலவைக்கூடங்கள் உலகத்தோடு சேர்ந்தே இதில் நடந்திருக்கின்றன.

ஆனால் திரையரங்கில் ஒலிக்கு ஒரு நங்கூரம் உண்டு. திரையில் ஹெலிகாப்டர் இடது மூலையில் நுழைந்தால் ஒலியும் அங்கிருந்துதான் நுழைய வேண்டும், அதில் யாருக்கும் சந்தேகம் வராது. 2021 ஜூனில் ஆப்பிள் மியூசிக் தன் பாடல்களை அட்மாஸில் தரத் தொடங்கியபோது, திரையே இல்லாத இசைக்கு அதே கருவிகள் வந்துசேர்ந்தன. வயலினை எங்கே வைப்பது? தலைக்கு மேலேயா, முதுகுக்குப் பின்னாலா? படம் பதில் சொல்லாத இடத்தில் கலவை செய்பவர்தான் சொல்லியாக வேண்டும். பலர் அந்தச் சுதந்திரத்தைப் பார்த்து மயங்கி, கஞ்சிராவைப் பின்மண்டையிலும் தம்பூராவை உச்சந்தலையிலும் வைக்கிறார்கள். கேட்க ஒரு நிமிடம் வியப்பாக இருக்கும், இரண்டாம் நிமிடத்தில் பாட்டு கையைவிட்டுப் போயிருக்கும்.

எங்கள் பக்கத்து இசையில் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை என்பது என் எண்ணம், ஏனென்றால் அதில் இடம் ஏற்கெனவே தீர்மானமாகியிருக்கிறது. நையாண்டி மேளம் தெருவில் நடக்கிறது. சங்கரன்கோவிலை அடுத்த சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, கழுகுமலை முருகனை நோக்கி நடக்கிறவர்களின் கால்களுக்காக எழுந்தது. அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக்காரர்கள் வில்லுக்குப் பின்னால் அரைவட்டமாக அமர்ந்து ஊரைப் பார்த்துப் பாடுகிறார்கள். கணியான் கூத்தில் தலைமைப் பாடகரான அண்ணாவி சாமியைப் பார்த்துப் பாட, மகுடம் என்னும் பறைகள் இரண்டு அவருக்குப் பின்னால் நின்று முழங்குகின்றன, ஒன்று உச்சம், ஒன்று மந்தம். ஊர்வலம், அரைவட்டம், சந்நிதி என்று மூன்று வடிவங்கள். ஒவ்வொன்றும் கேட்பவரை ஓர் இடத்தில் நிறுத்துகிறது. ஒலிக்கலவையாளர் அதைக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, மதித்தால் போதும்.

கருவிக்கு வருவோம். அட்மாஸில் ஒலியை வைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று பெட் எனப்படும் நிலையான தளம், அதிகபட்சம் 7.1.2 என்ற பத்துத் தடங்கள். மற்றது ஆப்ஜெக்ட், அதாவது தன் இருப்பிடத்தைத் தகவலாகச் சுமந்துகொண்டு போகும் தனி ஒலி, 118 வரை. இரண்டும் சேர்ந்து 128. கேட்பவரிடம் எத்தனை ஸ்பீக்கர் இருக்கிறதோ அதற்கேற்ப ரெண்டரர் அந்த நேரத்தில் கணக்குப் போட்டு ஒலியைப் பங்கிடும். வீட்டுக் கலவைக்கு வழக்கமான அமைப்பு 7.1.4, காது மட்டத்தில் ஏழு, தாழ்வொலிக்கு ஒன்று, மேலே நான்கு. ஸ்டீரியோவில் பழகிய கைக்கு இங்கே பெரிய இழப்பு ஒன்று காத்திருக்கிறது. ஸ்டீரியோவில் எல்லாத் தடங்களும் கடைசியில் ஒரே வாய்க்காலில் சேரும், அங்கே ஒரு கம்ப்ரஸரையும் லிமிட்டரையும் போட்டு மொத்தத்தையும் ஒட்டவைத்துவிடலாம். அட்மாஸில் ஆப்ஜெக்டுகள் அந்த வாய்க்காலுக்கே வராமல் தனித்தனியாக ரெண்டரருக்குப் போய்விடுகின்றன. அதனால் மாஸ்டரிங்குக்கென்று சேர்த்துவைத்த ப்ளகின்களில் பல அப்படியே கைகொடுப்பதில்லை. ஒட்டு என்பது ஒவ்வொரு வாத்தியத்தையும் சரியான இடத்திலும் சரியான அளவிலும் வைப்பதிலிருந்தே வர வேண்டும். சத்தத்தின் மொத்த அளவு மைனஸ் 18 எல்கேஎஃப்எஸ் என்ற வரம்புக்குள் இருக்க வேண்டும் என்பதால், நசுக்கிப் பெரிதாக்கும் பழக்கத்துக்கும் வழியில்லை. தவிலுக்கு இது பெரிய நன்மை. ஸ்டீரியோ வெளியீடுகளில் தவிலின் முதல் அடி எப்போதும் வெட்டுப்பட்டுத்தான் கேட்டிருக்கிறோம்.

இனி இதிலே மிக முக்கியமான ப்ளகின்: ரிவெர்ப், அதாவது அறையின் எதிரொலியை உருவாக்கும் கருவி. விற்பனைக்கு வரும் இம்மர்சிவ் ரிவெர்ப்களைத் திறந்தால் கச்சேரி அரங்கம், தேவாலயம், ஒலிப்பதிவு அறை என்று வரிசையாக இருக்கும். அருமையான வேலைப்பாடுகள் அவை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே கூரை இருக்கிறது. முன்னமைவு ஒன்றைத் தேர்ந்தெடுத்த கணமே மேலேயுள்ள நான்கு ஸ்பீக்கர்களும் எதிரொலியால் நிறைந்துவிடும். சிவகிரித் தெருவில் மேளத்துக்கு மேலே என்ன இருக்கிறது? வானம். வானத்திலிருந்து எதுவும் திரும்பி வருவதில்லை. மேளத்தின் மேல் ஒரு கூரையைக் கவிழ்த்தால், அது எவ்வளவு அழகான கூரையாக இருந்தாலும், தெரு கல்யாண மண்டபமாகிவிடும். எங்கள் ஊர் இசையின் பதிவுகளில் இந்தத் தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது, பலருக்கு அது தவறாகவே தெரிவதில்லை.

ஆகவே நான் ஒரு ரிவெர்பைச் சோதிப்பது ஒரே கேள்வியால்: கூரையைத் தனியாகக் குறைக்க முடியுமா? லிக்விட்சோனிக்ஸின் சினிமாட்டிக் ரூம்ஸ், அதன் ப்ரொஃபெஷனல் பதிப்பில், முன், பக்கம், பின், மேல் என்று தளவாரியாக அமைப்புகளை மாற்றவிடுகிறது. அதற்குப் பணம் தேவை. பணமில்லாதவர்களுக்கு ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்து இசைப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் ஐஇஎம் என்ற மின்னணு இசை, ஒலியியல் நிறுவனம் இலவசமாகத் தரும் ப்ளகின் தொகுப்பு இருக்கிறது. அதில் ரூம்என்கோடர் என்று ஒன்று. செவ்வகப் பெட்டி வடிவ அறை ஒன்றை அது கற்பனை செய்துகொள்கிறது. நீளம், அகலம், உயரம் நாம் தரலாம். ஒலி எங்கே, கேட்பவர் எங்கே என்று இரண்டையும் வைத்துவிட்டால், இருநூறுக்கும் மேற்பட்ட சுவர் எதிரொலிகளை ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து எத்தனை மில்லிவிநாடி கழித்து வரும் என்று கணக்கிட்டுத் தரும். எனக்கு அதில் பிடித்தது, ஆறு பரப்புகளையும் தனித்தனியே அடக்க முடியும் என்பது.

இப்போது தெருவைக் கட்டிப் பார்க்கலாம். கூரையை முழுதாக அடக்கிவிடுங்கள். இடமும் வலமும் தெருவின் இரண்டு முனைகள், அவையும் திறந்தவெளி, அவற்றையும் அடக்கிவிடுங்கள். மிச்சமிருப்பது தரை, எதிர்வீட்டுச் சுவர், திண்ணையில் உட்கார்ந்தவரின் முதுகுக்குப் பின்னாலுள்ள நம் வீட்டுச் சுவர். சுவர் முதுகிலிருந்து ஒரு மீட்டர் என்றால், அதில் பட்டுத் திரும்பும் ஒலி நேரொலிக்கு ஏறத்தாழ ஆறு மில்லிவிநாடி பின்னால் வரும். காது அதைத் தனி எதிரொலியாகப் பிரித்தறியாது, ஆனால் ‘நான் ஒரு சுவரை ஒட்டி இருக்கிறேன்’ என்ற உணர்வு உடம்புக்குக் கிடைத்துவிடும். இரண்டு வீட்டுச் சுவர்களுக்கும் இடையே எட்டு மீட்டர் என்று வைத்தால் ஒலி ஒருமுறை போய்வர 47 மில்லிவிநாடி. வலந்தலையில் விழும் ஒவ்வோர் அடியும் அந்த இடைவெளியில் படபடவென்று சில முறை திரும்பி அடங்கும். சிமெண்ட் பூச்சு போட்ட தெருக்களில் கைதட்டினாலே கேட்கும் அந்தப் படபடப்பைத் துல்லியமாகத் தருகிற முன்னமைவு எந்த விலையுயர்ந்த ரிவெர்பிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஓட்டுவீடும் மண்சுவரும் உள்ள தெரு வேறு மாதிரி கேட்கும், அங்கே உயர்ந்த அதிர்வெண்கள் சீக்கிரம் உறிஞ்சப்படும். தெருவுக்குத் தெரு இதை மாற்றிக்கொள்ளலாம்.

அசைவு அடுத்த சிக்கல். ஒரு கொடையில் எடுத்த ஸ்டீரியோப் பதிவை ஹெட்ஃபோனில் கேட்டுவிட்டு வயதான தவில்காரர் ஒருவர் கழற்றி வைத்தார். “சத்தம் நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா மேளம் நின்ன எடத்துலயே நிக்கு.”

“நடக்க வைக்கதுக்கு என்ன செய்யணும் அண்ணாச்சி?”

“வருதா, நிக்கா, போவுதான்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லணும்லா? அதப் புடிங்க.”

அவர் சொன்னதைப் பிடிக்கப் பலரும் உடனே, நகரும் ஒலியின் சுருதியை மாற்றிக் காட்டும் டாப்ளர் ப்ளகினைத் தேடுவார்கள். தேவையே இல்லை. மேளம் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் நடக்கிறது. ஒலி விநாடிக்கு 343 மீட்டர் போகிறது. அந்த வேகத்தில் சுருதி மாறுவது சுமார் ஐந்து சென்ட், அரைச்சுரத்தில் இருபதில் ஒரு பங்கு. சீவாளியில் உதடு தரும் அசைவே அதைவிடப் பல மடங்கு. டாப்ளரைக் கூட்டினால் மேளம் மோட்டார் சைக்கிளில் போவதாகிவிடும். நடையைக் காட்டுபவை வேறு மூன்று. தூரம் இரட்டிப்பாகும்போது நேரொலி ஆறு டெசிபல் குறைவது, அப்போது சுவர்களின் எதிரொலி அதே அளவில் குறையாமல் நிற்பது, நாதஸ்வரம் திரும்பும் திசை.

மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவி வாங்குகிறவர்கள் யாரும் அதைக் கேட்பதில்லை. நாதஸ்வரத்தின் தாழ்ந்த பகுதி விரல் துளைகள் வழியாக எல்லாப் பக்கமும் பரவுகிறது. உயர்ந்த மேற்சுரங்கள் அணசின் வாய் வழியாக ஒரு கற்றையாக முன்னோக்கிப் பாய்கின்றன. வித்துவான் கரகாட்டக்காரியைப் பார்த்துத் திரும்பும்போது ஒரு நிறம், நம்மைப் பார்த்து நாதஸ்வரத்தை உயர்த்தும்போது இன்னொரு நிறம். சாதாரண பானர் ஒலியை இடம் மாற்றும், திருப்பாது. ஐஇஎம் தொகுப்பிலேயே டைரக்டிவிட்டிஷேப்பர் என்ற ப்ளகின் இருக்கிறது. ஒலியை அதிர்வெண் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு குவிந்து பரவ வேண்டும், எந்தத் திசையை நோக்க வேண்டும் என்று சொல்லலாம். அதை ரூம்என்கோடருக்கு முன்னால் போட்டால், நாதஸ்வரம் எதிர்ச்சுவரைப் பார்க்கும்போது கூர்மையான பகுதி அந்தச் சுவரில் பட்டுத்தான் நம்மிடம் வரும். அந்தத் தவில்காரர் கேட்டது இதற்குப் பக்கத்தில் இருக்கிறது. இசைக் கடைகளின் ‘கட்டாயம் வாங்க வேண்டிய ப்ளகின்’ பட்டியல்களில் இதன் பெயரை நான் கண்டதில்லை.

தெருவிலிருந்து கோயிலுக்குள் போனால் கணக்கு தலைகீழ். கல்மண்டபத்தில் கூரைதான் எல்லாம். தாழ்ந்த கல்கூரை, நெருக்கமான தூண்கள், கல்தரை. ஒலி எங்கும் உறிஞ்சப்படாமல், தூண்களில் சிதறி, அடர்ந்த குறுகிய எதிரொலிகளாகத் திரும்பும். கல் பேசும் என்று நெல்லையப்பர் கோயிலின் இசைத்தூண்களைத் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான தூண்களைக் கணக்கிட்டுச் செய்யும் கருவி எதுவும் எளிதாகக் கிடைக்காது. இங்கே கன்வல்யூஷன் ரிவெர்ப்தான் சரி. உண்மையான இடம் ஒன்றில் ஓர் ஒலியை எழுப்பி, அந்த இடம் அதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்பதைப் பதிவு செய்து, பிறகு எந்த வாத்தியத்தையும் அந்தப் பதிலோடு பெருக்கிக் கலக்கும் முறை அது. ஆல்டிவெர்ப் இந்த வகையில் பெயர்பெற்றது. அதன் சேமிப்பில் ஐரோப்பிய அரங்கங்களும் தேவாலயங்களும் நிறைய. நம் மண்டபம் வேண்டுமென்றால் நாமே எடுக்க வேண்டும்.

எடுப்பது கடினமல்ல. பார்மா பல்கலைக்கழகத்தின் ஆஞ்சலோ ஃபரினா 2000ஆம் ஆண்டில் முன்வைத்த முறை இன்று எங்கும் வழக்கில் உள்ளது. 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறிப் போகும் ஒரு சீழ்க்கையை நல்ல ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, பதிவு செய்து, கணிதத்தால் அந்தச் சீழ்க்கையைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது மண்டபம் மட்டுமே. ஸ்பீக்கரின் சிதைவு தனியாகப் பிரிந்துவிடும் என்பது இந்த முறையின் சிறப்பு. பலூன் உடைப்பதும் வழிதான், ஆனால் ஒவ்வொரு பலூனும் ஒவ்வொரு மாதிரி உடையும், தாழ்வொலியும் போதாது. பதிவுக்கு, எல்லாத் திசைகளின் ஒலியையும் பிடிக்கும்படி நான்கு மைக்ரோஃபோன்கள் ஒரே தலையில் உள்ள ஆம்பிசோனிக் மைக் ஒன்று வேண்டும். சூம் எச்3-விஆர் போன்ற கையடக்கப் பதிவுக்கருவிகள் இந்த வகைதான். நடை சாத்திய பிறகு, மின்விசிறிகளை அணைத்துவிட்டு, கோயில் நிர்வாகத்தின் அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை. அனுமதி கேட்கும்போது என்ன செய்கிறோம் என்பதைப் பொறுமையாக விளக்கி, எடுத்ததைக் கோயிலுக்கும் ஒரு பிரதி தந்துவிட வேண்டும். மண்டபத்தின் ஒலி ஊரின் சொத்து.

நான்கு மைக் பதிவின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். முதல்நிலை ஆம்பிசோனிக்ஸில் திசை கொஞ்சம் மங்கலாகத்தான் வரும். அதனால் எதிரொலியின் வாலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, முதல் சில எதிரொலிகளை ரூம்என்கோடரிலேயே கட்டிக்கொள்வது நல்லது. கன்வல்யூஷனுக்கு ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் உருவான ஸ்பார்ட்டா தொகுப்பு இலவசமாகவே போதும். கடைசியில் ஆம்பிசோனிக் ஒலியை ஐஇஎம்மின் ஆல்ராடிகோடர் வழியாக ஸ்பீக்கர் தடங்களாக்கி அட்மாஸ் தளத்துக்குள் கொடுத்துவிடலாம். இதற்கெல்லாம் ரீப்பர் போன்ற மென்பொருள் மிகவும் வசதி. தனிநபர் உரிமம் 60 டாலர், ஒரே டிராக்கில் பல தடங்களை எளிதாக ஏற்கும். ஆப்பிள் கணினி உள்ளவர்களுக்கு லாஜிக் ப்ரோவில் 2021 முதல் அட்மாஸ் ரெண்டரர் உள்ளேயே இருக்கிறது.

வில்லுப்பாட்டுக்கு இவ்வளவும் தேவைப்படாது. ஐந்தாறு பேர், ஒரு பந்தல், எதிரே ஊர். வில்லின் மணிகளுக்கு மட்டும் கொஞ்சம் அகலம் கொடுத்து, குடத்தைப் புலவரின் இடப்பக்கமோ வலப்பக்கமோ அவர் உண்மையில் இருந்த இடத்தில் வைத்துவிட்டு, முன்புறத்திலேயே முடித்துக்கொள்ளலாம். குடத்தின் அடியொலியைத் தாழ்வொலித் தடமான எல்எஃப்இயில் மட்டும் போட்டுவிடக்கூடாது. இரண்டு தடமாகச் சுருக்கும்போது அந்தத் தடம் பெரும்பாலும் கைவிடப்படும், குடமும் கூடவே போய்விடும். கணியான் கூத்தில் உச்சத்தையும் மந்தத்தையும் இரண்டு பக்கமும் பிரித்துவைக்கும் ஆசை வரும். அண்ணாவியின் குரலுக்குப் பின்னால் அவை தோளோடு தோள் நின்று ஒன்றையொன்று வெட்டிப் பேசுகின்றன. பிரித்தால் அந்தப் பேச்சு அறுந்துவிடும்.

இதையெல்லாம் யார் எதில் கேட்கப் போகிறார்கள்? ஹெட்ஃபோனில்தான், அதுவும் பெரும்பாலும் மலிவான இயர்ஃபோனில். இரண்டு காதுகளுக்கு இடையே ஒலி வந்துசேரும் நேர வேறுபாடு அதிகம் போனால் ஒரு விநாடியின் பத்தாயிரத்தில் ஏழு பங்கு. அதை வைத்தே மூளை இடம் வலம் சொல்லிவிடும். முன்னும் பின்னும், மேலும் கீழும் தெரிவதற்குக் காதுமடலின் மடிப்புகள் வேண்டும், மடிப்புகளோ ஆளுக்கு ஆள் வேறு. ரெண்டரர் பயன்படுத்துவது ஒரு சராசரித் தலையின் அளவுகளை. அதனால் ஹெட்ஃபோனில் முன்பின் குழப்பம் எளிதில் நேரும். மேளத்தை முன்னாலிருந்து தலைக்கு மேலாகப் பின்னுக்கு அனுப்பும் கலவை, ஸ்பீக்கர் அறையில் பிரமாதமாக இருந்து, இயர்ஃபோனில் குழம்பிப் போவது இதனால்தான். திண்ணையில் உட்கார்ந்தவருக்கு மேளம் இடமிருந்து வலம் போகிறது. காது மிகக் கூர்மையாக உணரும் அசைவு அதுவே. சரியான இருக்கை, கருவியின் பலவீனத்தையும் சேர்த்தே தீர்த்துவைக்கிறது.

கூடவே ஒரு நடைமுறை எச்சரிக்கை. டால்பியின் ரெண்டரரில் ஒவ்வொரு ஒலிக்கும் நியர், மிட், ஃபார் என்று ஹெட்ஃபோன் தூரத்தை வைக்க முடியும். ஆப்பிள் மியூசிக் தன் சொந்த ரெண்டரரைப் பயன்படுத்துவதால் அந்த அடையாளங்கள் அங்கே எடுபடுவதில்லை. தூரத்தை அந்தப் பொத்தானை நம்பி விடாமல், நேரொலிக்கும் எதிரொலிக்கும் உள்ள விகிதத்திலேயே கட்டிவிட வேண்டும்.

பழைய பதிவுகளை அகலப்படுத்தும் அப்மிக்ஸ் ப்ளகின்களைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. நூஜென் ஹேலோ அப்மிக்ஸ் போன்றவை தம் வேலையைத் திறமையாகச் செய்கின்றன. ஒரு படத்தின் ஸ்டீரியோ பின்னணியை அரங்கில் விரிக்க அவை உதவும். ஆனால் நாதஸ்வரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலத்தின் ஒற்றைத் தட இசைத்தட்டை எடுத்து ஏழு ஸ்பீக்கரில் விரிக்க வேண்டாம். அந்த ஊசித்தடத்தில் அறையும் மைக்கும் அவருடைய மூச்சும் ஒரே கோட்டில் பதிந்திருக்கின்றன. இல்லாத பக்கவாட்டைக் கருவி ஊகித்து உண்டாக்கும், கேட்பவர் அதை வரலாறு என்று எடுத்துக்கொள்வார். இன்று வாசிக்கும் கலைஞர்களைப் புதிதாக, தனித்தனி மைக்கில், தெருவிலேயே பதிவு செய்வதற்கு அந்த உழைப்பையும் பணத்தையும் செலவிடலாம்.

ப்ளகின்களின் ஆயுளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். ஃபேஸ்புக் இலவசமாகத் தந்த 360 ஸ்பேஷியல் வொர்க்ஸ்டேஷனை நம்பிப் பலர் வேலை செய்தார்கள், 2022இல் அது நிறுத்தப்பட்டது. டியர்விஆர் ப்ளகின்களைச் செய்த டியர் ரியாலிட்டி 2025இல் கடையை மூடியது. ஐஇஎம், ஸ்பார்ட்டா இரண்டுக்கும் மூலநிரல் திறந்திருப்பதால் யாராவது எடுத்து வளர்க்க வழியுண்டு, அந்தக் காரணத்துக்காகவும் அவற்றை முன்வைக்கிறேன். எதை வாங்கினாலும், வேலை முடிந்ததும் மூன்றைச் சேமிக்க வேண்டும்: எதிரொலி சேராத மூலத் தடங்கள், எதிரொலி மட்டும் தனியாக, முழுக் கலவையின் ஏடிஎம் கோப்பு. ஏடிஎம் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியுவின் பொதுத்தரம், ஒரு கம்பெனி மூடினாலும் படிக்க முடியும்.

மேளக்காரர்களுக்குப் போய்ச்சேர வேண்டியது இந்த மூன்றில் எதுவும் இல்லை. அவர்களுக்கு அடுத்த கொடைக்கு அச்சாரம் வாங்கித் தருவது யூடியூபும் வாட்ஸப்பும். யூடியூப் அட்மாஸை ஒலிக்காது. ஆகவே அதே ஆம்பிசோனிக் கலவையிலிருந்து ஹெட்ஃபோனுக்கான பைனாரல் பிரதி ஒன்றும், கைபேசி ஸ்பீக்கரிலும் தவில் எடுபடும்படி செய்த சாதாரண ஸ்டீரியோ பிரதி ஒன்றும் எடுத்து, வாசித்த ஒவ்வொருவர் பெயரையும் கோப்பிலேயே எழுதி, பதிவுக்கான சன்மானத்தோடு அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அட்மாஸ் பிரதியை அனுப்பும் வேலையை அதற்கு மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.